கம்பளை நேயர்கள்: வானொலி நாடகம் முதல் தொலைக்காட்சித் தொடர் வரை

சென்ற ஆண்டின் இறுதியில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காகக் கம்பளைக்குச் சென்றிருந்தேன். திருமணத்துக்கு முதல் நாள் இரவு, பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த பெண்களிடையே பெரிய வாக்குவாதம் ஒன்று எழுந்தது. மருமகள் ஒருத்தி தன் நகைகளை மாமியாருக்குத் தெரியாமல் அடகு வைத்துத் தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்பியது சரியா, பிழையா என்பதே விவாதப் பொருள். எண்பது வயதைக் கடந்த என் மூத்த சகோதரி மருமகளின் பக்கம் நின்றார். பல்கலைக்கழகத்தில் பயிலும் அவரது பேத்தியோ மாமியாரின் பக்கம் நின்று வாதாடினாள். குடும்பத்தில் ஏதோ சிக்கல் என்று அஞ்சிய நான் மெல்ல வெளியேற முற்பட்டபோது, "ஏன் தம்பி ஓடுறே? இது டிவியில வர்ற கதை" என்று அக்கா சிரித்தார்.

இதே ஊரில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், இதே சூட்டோடு நடைபெற்ற வேறு சில வாக்குவாதங்கள் அன்றிரவு என் நினைவுக்கு வந்தன. அப்போது விவாதித்தவர்கள் தேநீர்க் கடையில் இருந்த ஆண்கள். விவாதிக்கப்பட்டது வானொலி நாடகம். இலங்கை வானொலி நாடகங்களை எழுதியவர்களையும் தயாரித்தவர்களையும் நடித்தவர்களையும் பற்றி நூல்களும் கட்டுரைகளும் வந்துள்ளன. அவற்றைக் கேட்டவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதியவர்கள் மிகச் சிலரே. எழுதியிருக்க வேண்டியவர்களுள் நானும் ஒருவன். அதனை எழுதாமல் விட்டதோடு, பிறர் எழுதி அனுப்பியதையும் காக்கத் தவறினேன் என்பதை இக்கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளுகின்றேன்.

கம்பளையை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். மகாவலி கங்கையின் கரையில், பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியில் அமைந்த நகரம் இது. பதினான்காம் நூற்றாண்டில் நான்காம் புவனேகபாகு மன்னனின் காலந்தொட்டுச் சில தசாப்தங்கள் இராசதானியாக விளங்கியது. இந்நகரை அடுத்த சிங்ஹபிட்டியவில்தான் 1820களின் முற்பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் ஒன்றை அமைத்தார். தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரின் மலையக வரலாறு பெரும்பாலும் இந்த இடத்திலிருந்தே எழுதத் தொடங்கப்படுகின்றது. 1873 ஆம் ஆண்டு புகையிரதம் வந்தது. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூவரும் கடை வீதியில் தோளோடு தோள் உரசி வாழும் ஊர்.

அவ்வாறு உரசியபோது தீப்பற்றியதும் உண்டு. வலஹாகொட தேவாலயத்தின் பெரஹர, பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளவாத்தியங்களை நிறுத்த வேண்டுமா என்பது குறித்து 1912 ஆம் ஆண்டு எழுந்த பிணக்கு நீதிமன்றம் சென்றது. கண்டி மாவட்ட நீதிமன்றம் ஒருவிதமாகவும் உயர்நீதிமன்றம் வேறுவிதமாகவும் தீர்ப்பளித்தன. 1915 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கி நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவிய சிங்கள - முஸ்லிம் கலவரத்தின் முன்கதை இந்தக் கம்பளை வழக்கே. மேளச் சத்தம் எங்கே கேட்கலாம், எங்கே கேட்கக்கூடாது என்பதற்காக மனிதர் பகைத்துக்கொண்ட வீதியில், பின்னாளில் ஒரே வானொலிப் பெட்டியின் முன்னே மூவினத்தாரும் அமர்ந்து சிரித்தனர் என்பதை எண்ணிப் பார்க்கும்போது வியப்பாகவே உள்ளது.

கொழும்பு வானொலி 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் திகதி தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் படையினரின் வலுமிக்க ஒலிபரப்பு நிலையமும் அதன் கைக்கு வந்தது. 1950 ஆம் ஆண்டு வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் தமிழகமெங்கும் ஒலித்த காலம் அது. நாடகத் துறையில் 'சானா' என்று அழைக்கப்பட்ட சண்முகநாதனின் 'இலண்டன் கந்தையா' யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழுக்கு வானொலியில் ஒரு நிலையான இடத்தைத் தேடித் தந்தது. மலையகத்தில் இருந்த எங்களுக்கு அந்தத் தமிழில் பாதி விளங்கும், பாதி விளங்காது. விளங்காத பாதியை விளக்குவதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பணியாற்றிய தபாலக உத்தியோகத்தர் ஒருவரை நாங்கள் நம்பியிருந்தோம். அவர் கூறும் பொருள் சரிதானா என்பதைச் சரிபார்க்க எங்களுக்கு வழி இருக்கவில்லை.

அக்காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். தோட்டத்து லயங்களில் மின்சாரம் இல்லை. பற்றரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டி பத்து வீட்டுக்கு ஒன்று இருந்தால் அது வசதியான லயம். எனவே கேட்டல் என்பது தனியாள் செயலாக இருக்கவில்லை. தோட்டத்தில் ஒரு வாசலிலும், நகரத்தில் ஒரு தேநீர்க் கடையிலும் பலர் கூடியே கேட்டனர். நாடகம் முடிந்ததும் பெட்டியை அணைத்துவிடுவார்கள், ஏனெனில் பற்றரி விலை கூடியது. பெட்டி அணைந்த பின்னர்தான் பேச்சுத் தொடங்கும். இதனை நான் அழுத்திக் கூறக் காரணம் உண்டு. நாடகம் கால் மணி நேரமோ அரை மணி நேரமோதான். பேச்சோ அடுத்த வாரம் வரை நீளும்.

1970 ஆம் ஆண்டு பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணியைச் சிக்கனப்படுத்துவதற்காக இறக்குமதிகளை இறுக்கியது. தமிழகத்தின் வணிக சஞ்சிகைகளும் அக்கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 1972 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதனால் மக்கள் பட்ட இன்னல்கள் பல. எனினும் ஈழத்து எழுத்தாளரும் நடிகரும் தம் சொந்த மக்களின் கவனத்தை முழுமையாகப் பெற்ற அரிய காலமாகவும் அது அமைந்தது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வானொலித் தொடராக வந்து பலரைக் கண்ணீர் விடச் செய்தது. அதே காலகட்டத்தில்தான் எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' ஒலிபரப்பாகியது.

நாலு பாத்திரங்கள், நாலு விதமான தமிழ் என்பதே அந்நாடகத்தின் அடிப்படை. மரிக்கார் முஸ்லிம் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். உபாலி சிங்களவர் பேசும் தமிழைப் பேசுவார். ஐயர் பிராமணத் தமிழ் பேசுவார். ஒருவர் கூறுவதை மற்றவர் வேறு பொருளில் விளங்கிக்கொள்வதால் சிரிப்பு விளையும். இதில் கவனிக்க வேண்டிய செய்தி, யார் யாராக நடித்தனர் என்பதாகும். மரிக்காராக நடித்த ராமதாஸ் முஸ்லிம் அல்லர். உபாலியாக நடித்த எஸ். செல்வசேகரன் சிங்களவர் அல்லர். ஐயராக நடித்தவர் பி.எச். அப்துல் ஹமீத். அப்புக்குட்டியாக நடித்தவர் ரி. ராஜகோபால். முகம் தெரியாத வானொலியில் குரல் மட்டுமே அடையாளம் என்பதால், கேட்டவர்கள் குரலை நம்பினார்கள்.

எங்கள் கடை வீதியில் இருந்த தேநீர்க் கடையின் உரிமையாளர் ஒரு முஸ்லிம் பெரியவர். அனைவரும் அவரை 'நானா' என்றே அழைப்போம். மரிக்கார் பேசும் தமிழில் எந்தச் சொல் சரி, எந்தச் சொல் பிழை என்று தீர்ப்பளிக்கும் உரிமை அவருக்கே இருந்தது. "இந்த ஆள் கட்டாயம் கொழும்பு ஆள்தான், கண்டிப் பக்கத்தில நாங்க இப்படிச் சொல்ல மாட்டோம்" என்பார். ஆனால் அந்த நடிகர் முஸ்லிம் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. அடுத்த கதவில் இருந்த சலூன்காரரோ, பத்திரிகையில் ராமதாஸ் என்ற பெயரைத் தாம் கண்டதாகச் சாதித்தார். இருவருக்கும் பந்தயம் ஏற்பட்டது. தோற்றவர் ஒரு வாரத்துக்கு வென்றவரின் பிளேன்டீச் செலவை ஏற்க வேண்டும். கடைக்காரர் தோற்றால் தம் கடைத் தேநீரையே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதால், பந்தயமே நியாயமற்றது என்ற துணை விவாதம் ஒன்றும் மூன்று நாள் நடந்தது.

கடைசியில் நானாவே தோற்றார். தோற்றவர் கோபிக்கவில்லை. "அப்படியெண்டா அந்த மனிசன் எங்கட ஆக்களோட நல்லாப் பழகி இருக்கான்" என்றார். இச்சொற்களை விடச் சிறந்த விமர்சனத்தை அந்நாடகத்துக்கு எந்தப் பத்திரிகையிலும் நான் வாசித்ததில்லை. ராமதாஸ் தம் வாழ்நாள் முழுவதும் 'மரிக்கார் ராமதாஸ்' என்றே அறியப்பட்டார். ராஜகோபால் 'அப்புக்குட்டி ராஜகோபால்' ஆனார். செல்வசேகரன் 'உபாலி செல்வசேகரன்' ஆனார். பாத்திரத்தின் பெயரை நடிகரின் பெயருக்கு முன்னால் ஒட்டிவைத்து, ஒருவர் இரு இனத்தாராய் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டவர்கள் இத்தகைய நேயர்களே.

எல்லா நாளும் அவ்வாறு இனிமையாக முடிந்ததில்லை. இரும்புக் கடை ஒன்றில் வேலை செய்த சிங்கள இளைஞர் ஒருவர் நாள்தோறும் அக்கடைக்கு வருவார். தமிழ் நன்றாகவே பேசுவார். உபாலியின் வசனங்களுக்கு மற்றவர்களை விட அவரே உரக்கச் சிரிப்பார். ஒரு நாள் நாடகம் முடிந்த பின்னர், "நான் பேசுறதும் இப்பிடித்தானா?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானா ஒரு தேநீரை அவர் முன்னால் வைத்து, "நான் பேசுற சிங்களத்தைக் கேட்டு நீ சிரிக்கிறதில்லையா?" என்றார். இளைஞர் சிரித்தார், எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதன் பிறகு உபாலியின் தமிழைப் பாவனை செய்து பேசும் வழக்கம் அந்தக் கடையில் குறைந்துபோயிற்று. யாரும் தடை விதிக்கவில்லை. ஒரு நாடகத்தைப் பற்றிய பேச்சு எங்கே நின்று, தம்மைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்குகின்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்னொரு கேள்வி அந்நாளில் எழாமற் போனது இன்று எனக்கு உறுத்துகின்றது. அந்த நால்வருள் மலையகத் தமிழ் பேசும் ஒருவர் இல்லை. மலையக வரலாறு தொடங்கிய மண்ணில் இருந்துகொண்டு, நாலு தமிழையும் கேட்டுச் சிரித்த தோட்டத்து மக்கள், ஐந்தாவது தமிழாகிய தங்கள் தமிழ் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கேள்வி எங்கள் காதில் விழுந்திருக்குமா என்பதும் ஐயமே. அந்தக் குறையை ஓரளவு நிறைவு செய்தது திரைப்படம். தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து, தெளிவத்தை ஜோசப் எழுதிய 'புதிய காற்று' 1975 ஆம் ஆண்டு வெளிவந்து தோட்ட மக்களின் வாழ்வைத் திரையில் காட்டியது. அடுத்த ஆண்டு வானொலிக் கோமாளிகளும் 'கோமாளிகள்' என்ற பெயரில் திரைக்கு வந்தனர். குரலை மட்டுமே அறிந்திருந்த நேயர்கள் முகங்களைக் கண்டனர். நானா படம் பார்த்துவிட்டு வந்து, "முகத்தைக் காட்டாமல் இருந்திருக்கலாம்" என்று கூறியதாகச் சொல்வார்கள்.

அப்போது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன். வானொலி, சினிமாப் பக்கத்துக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பது இளையவனான என் வேலை. கம்பளை, புசல்லாவை, நாவலப்பிட்டி ஆகிய தபால் முத்திரைகளைக் கண்டால் மனம் மகிழும். பெரும்பாலும் அஞ்சலட்டைகள். சிலர் பாத்திரத்துக்கே கடிதம் எழுதுவார்கள். இன்ன கதாபாத்திரம் இன்ன பெண்ணை ஏமாற்றக்கூடாது என்று நடிகருக்கு ஆணையிடுவார்கள். முடிவை மாற்றி எழுதி அனுப்புவார்கள். இவற்றுள் பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ தேர்ந்தெடுத்து, நாலு வரியாகச் சுருக்கி வெளியிடுவோம். எஞ்சியவை வார இறுதியில் குப்பைக் கூடைக்குச் செல்லும். கடதாசித் தட்டுப்பாட்டால் பக்கங்கள் குறைந்திருந்த காலம் என்று காரணம் கூறலாம். காரணம் உண்மைதான், ஆனால் கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டு வைப்பதற்குக் கடதாசி தேவையில்லை.

அவ்வாறு நான் எறிந்த கடிதங்களுள் ஒன்றை இன்றுவரை மறக்க இயலவில்லை. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கும், 300,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974 ஆம் ஆண்டு சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். எழுபதுகளில் மலையகப் புகையிரத நிலையங்களில் நடந்த பிரிவுக் காட்சிகளை நேரில் கண்டவர்கள் அறிவார்கள். அப்புகையிரதத்தை 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். அது தலைமன்னார் சென்று சேரும், அங்கிருந்து கப்பல் இராமேஸ்வரம் சேரும். பலர் நீலகிரியில் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டனர்.

கடிதம் எழுதியவர் கம்பளைக்கு அண்மையில் உள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவர். அவருடைய தங்கை குடும்பம் கோத்தகிரிப் பக்கம் சென்றுவிட்டது. இலங்கை வானொலி அங்கும் தெளிவாகக் கேட்கும். வாரந்தோறும் நாடகம் ஒலிபரப்பாகும் நேரத்தில் தாங்கள் இருவரும் தத்தம் இடத்தில் வானொலிப் பெட்டியின் முன் அமர்வதென்று பிரியும்போது பேசிக்கொண்டதாகவும், பின்னர் எழுதும் கடிதங்களில் குடும்பச் செய்திகளை விட அந்த வார நாடகத்தைப் பற்றியே அதிகம் எழுதிக்கொள்வதாகவும், ஆகவே ஒலிபரப்பு நேரத்தை மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே பத்திரிகையில் அறிவிக்க வேண்டும், தங்கைக்கு எழுதித் தெரிவிக்க மூன்று வாரம் பிடிக்கும் என்றும் அவர் எழுதியிருந்தார். வேண்டுகோள் அவ்வளவே. அதில் நடிகரைப் பற்றியோ கதையைப் பற்றியோ விமர்சனம் எதுவும் இல்லாததால், வெளியிடத் தகுதியற்றது என்று நான் தீர்மானித்தேன். இருபத்து மூன்று வயது அறியாமை! இரு நாட்டு அரசுகள் பிரித்த ஒரு குடும்பம் எவ்வாறு தன்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டது என்பதற்கான சான்று என் கையில் இருந்தது. அதனை நான் ஒரு நாடக விமர்சனமாக மட்டுமே எடைபோட்டேன்.

1977 ஆம் ஆண்டு ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. 1979 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் திகதி சுயாதீனத் தொலைக்காட்சி சேவையும், 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினியும் தொடங்கப்பட்டன. நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில் ஒலிபரப்புக் கோபுரம் எழுந்ததால், மலையகத்தவருக்கும் படம் கிடைத்தது. மின்சாரம் இல்லாத லயங்களிலும் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் நுழைந்தன. அவற்றை இயக்கக் கார் பற்றரி வேண்டும். பற்றரியைத் தோளில் சுமந்து நகருக்கு வந்து, சார்ஜ் ஏற்றக் கொடுத்துவிட்டு, மாலையில் எடுத்துச் செல்லும் இளைஞர்கள் கம்பளை வீதியில் வழக்கமான காட்சியாயினர். கதையின் உச்சக்கட்டத்தில் பற்றரி செத்துப் போகும். மறுநாள் கொழுந்து பறிக்கும்போது, முழுமையாகப் பார்த்த ஒரு பெண், பார்க்காதவர்களுக்கு எஞ்சிய கதையைச் சொல்லுவாள். சொல்லுபவள் தன் விருப்பத்துக்கேற்ப முடிவைக் கொஞ்சம் திருத்தினாலும் கேட்பாரில்லை.

பெட்டி தேநீர்க் கடையிலிருந்து வீட்டுக்குள் சென்றதால் பேச்சும் வீட்டுக்குள் சென்றது. ஆண்களிடம் இருந்த நாற்காலி பெண்களுக்குக் கிடைத்தது என்று இதனைக் கூறலாம். ஆனால் 1983 ஆம் ஆண்டு ஜூலை வன்செயலின் பின்னர் கடைப் பேச்சு குன்றியதற்குத் தொலைக்காட்சி மட்டும் காரணமன்று. கண்டி முதலிய மலையக நகரங்களில் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன. கொழும்பை அடுத்த ஹெந்தளையில் இருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிந்தபோது, இலங்கைத் திரைப்படங்கள் பலவற்றின் பிரதிகளும் சாம்பலாயின. எங்கள் வீதிச் சலூன்காரர் தமிழகத்துக்குப் போய்விட்டார். நானா கடையை நடத்தினார். வானொலியும் பாடியது. உபாலியையும் மரிக்காரையும் பற்றிப் பேசுவோர் இல்லை. ஒருவரை ஒருவர் பகிடி செய்வதற்கு ஒரு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கைதான் முதலில் எரிந்தது.

தொலைக்காட்சியில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பமே. ஆகவே மலையகத் தமிழர் சிங்கள நாடகங்களைப் பார்த்தனர். பள்ளிப் பிள்ளைகள் பாட்டிமாருக்கு மொழிபெயர்த்தனர். அவ்வாறு அவர்கள் கண்டு, மறக்க முடியாததாய் நெஞ்சில் வைத்துக்கொண்ட தொடர் சிங்கள நாடகமும் அன்று, ஜப்பானிய நாடகம். 'ஓஷின்' என்ற அத்தொடரைச் சுகாகோ ஹஷிதா என்ற பெண்மணி எழுதினார். ஜப்பானில் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை 297 பகுதிகளாக ஒளிபரப்பாகி, சராசரியாக 52.6 சதவீதப் பார்வையாளரைப் பெற்றது. பின்னர் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் காட்டப்பட்டது. இலங்கையில் சிங்களக் குரலுடன் ரூபவாஹினியில் வந்தது. வறுமை மிகுந்த குடியானவர் வீட்டில் பிறந்த ஓஷின், ஏழு வயதில், ஒரு மூட்டை அரிசிக்காக வேற்று வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்படுகின்றாள். கதை அங்கிருந்து அவளது முதுமை வரை செல்கின்றது.

மலையகத்து லயங்களிலிருந்து சிறுமியரைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, இக்கதை அங்கே எவ்வாறு பார்க்கப்பட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. புசல்லாவைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருந்த என் அத்தை கூறிய செய்தி இது. வழக்கமாகப் படம் ஓடும்போது ஆளுக்கொரு கருத்துக் கூறும் பெண்கள், ஓஷின் வீட்டை விட்டுச் செல்லும் பகுதியில் வாய் திறக்கவில்லையாம். மறுநாளும் கொழுந்து மலையில் அதைப் பற்றிய பேச்சு எழவில்லையாம். அதற்கடுத்த நாள் ஒரு தாய் அத்தையிடம் வந்து, கொழும்பில் ஒரு வீட்டில் இருக்கும் தன் மகளைத் தீபாவளிக்காவது அனுப்பி வைக்கும்படி அவ்வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுதித் தரக் கேட்டாளாம். அத்தை எழுதிக் கொடுத்தார். அந்தச் சிறுமி தீபாவளிக்கு வந்தாளா என்று நான் அத்தையிடம் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இன்று அத்தை இல்லை.

1998 ஆம் ஆண்டு சக்தி தொலைக்காட்சி வந்த பின்னர் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லாமற் போயிற்று. தமிழகத்தின் நெடுந்தொடர்கள் இலங்கை வீடுகளுக்கு வந்தன. சன் தொலைக்காட்சியில் 1999 முதல் 2001 வரை ஒளிபரப்பான ராதிகாவின் 'சித்தி', 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான திருமுருகனின் 'மெட்டி ஒலி' ஆகியவற்றின் பாத்திரங்கள் உறவினர் போல் பேசப்பட்டனர். 2001 ஆம் ஆண்டு வறட்சியால் நாடெங்கும் மின்வெட்டு ஏற்பட்டபோது, பற்றரிக் காலத்துக் கதைசொல்லிப் பெண்களுக்கு மீண்டும் வேலை கிடைத்தது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் நீண்ட மின்வெட்டுக்களிலும் அவ்வாறே நடந்ததாக அக்கா கூறினார்.

இத்தொடர்களை இழிவாகப் பேசுவது பத்திரிகையாளரின் வழக்கம். நானும் பேசியிருக்கின்றேன், எழுதியுமிருக்கின்றேன். வானொலி நாடகம் தந்தது எங்கள் நாட்டின் குரல்கள், நெடுந்தொடர் தந்தது அயலூர்க் குரல்கள் என்பது என் வாதமாக இருந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. உள்ளூர் நாடகக் கலைஞர்கள் களம் இழந்தனர். நாலு தமிழ் ஒலித்த இடத்தில் ஒன்று மட்டும் ஒலித்தது. 2023 ஆம் ஆண்டு 'மலையகம் 200' நினைவுகூரப்பட்ட வேளையிலும், அம்மக்களின் பேச்சுத் தமிழைத் தொடர் நாடகமொன்றில் கேட்பது அரிதாகவே இருந்தது.

ஆனால் திருமண வீட்டுச் சமையலறையில் நான் கேட்டது என் வாதத்தைச் சற்று அசைத்துவிட்டது. பேத்தியின் பக்கத்தைத் துருவிக் கேட்டேன். நகையை மறைத்து அடகு வைத்ததுதான் பிழை, வெளிப்படையாகக் கூறிவிட்டு வைத்திருக்க வேண்டும் என்றாள். அக்கா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லிட்டு அடகு வைக்கிற அளவுக்கு வீட்டில இடம் இருந்திருந்தா நான் ஏன் மறைக்கப் போறேன்?" என்றார். 'அவள்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நான்' என்று சொன்னதை அவர் உணரவில்லை. 1972 ஆம் ஆண்டு, கொழும்புக்கு வேலை தேடிச் சென்ற எனக்கு முதல் மூன்று மாத அறை வாடகை அக்காவிடமிருந்து மணியோடரில் வந்தது. அது எங்கிருந்து வந்த பணம் என்று நான் இதுவரை கேட்டதில்லை. அன்றிரவும் கேட்கவில்லை. மறுநாள் திருமணம் முடிந்து, விருந்தினர் சென்ற பின்னர் கேட்டேன். "இப்ப என்ன அதுக்கு, பழைய கதை" என்று கூறிவிட்டு, தொலைக்காட்சியைப் போடச் சொன்னார். தொடர் ஆரம்பிக்கும் நேரம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பளை, புசல்லாவை, நாவலப்பிட்டிப் பகுதிகளிலிருந்தோ, நீலகிரிக்குச் சென்ற குடும்பங்களிலிருந்தோ, வானொலி நாடகங்களைப் பற்றி எழுதிக்கொண்ட பழைய கடிதங்கள் எவரிடமேனும் இருந்தால் அவற்றை எறிந்துவிடாதீர்கள். நாடகத்தின் பெயர், கேட்ட ஆண்டு, அன்று வீட்டில் எழுந்த வாக்குவாதம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, அக்கடிதங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள். வீட்டில் வயது முதிர்ந்தோர் இருந்தால், எந்தப் பாத்திரத்தின் பக்கம் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கோத்தகிரித் தங்கைக்கு எழுதிய அந்த அண்ணனின் பிள்ளைகளோ பேரப் பிள்ளைகளோ இதனை வாசிக்க நேர்ந்தால், அவருடைய கடிதம் வந்து சேர்ந்தது என்பதை அறியத் தருகின்றேன். நேரமாற்றம் பற்றிய அறிவிப்பை நான் வெளியிட்டேனா என்பது மட்டும் நினைவில் இல்லை.